வெளிய வர்ற முள்ளுக்கு எந்த முடிச்சு?

திரும்பாதீங்க மாமா! நீங்க எவ்வளவு திரும்பினாலும் உங்க முதுகு உங்களுக்குத் தெரியப் போறதில்ல, முள்ளுதான் இன்னும் உள்ள போகும். ஸ்டூல்ல நல்லா உக்காருங்க. அந்த ஈயக்குண்டு டப்பாவைத் தள்ளிட்டு, மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கோங்க. ஆங், அப்படித்தான்.

சட்டையா? கத்தரி வச்சாச்சு, இனிமே அது கரித்துணி. என்னது, அக்கா வாங்கிக் குடுத்ததா? போச்சு. அப்ப இந்தத் தூண்டில் முள்ளெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமே இல்ல.

எவ்வளவு ஆழமா? ம்ம்... முள்ளோட காது, அதான் நூல் கோக்கற ஓட்டை, வெளிய இருக்கு, வளைவும் தெரியுது. முனை மட்டும்தான் தோளோட பின்பக்கத்துக்குள்ள. முனைக்குப் பக்கத்துல பின்பக்கமா சாஞ்ச மாதிரி ஒரு குட்டிப் பல்லு இருக்கும்ல, அதுவும் உள்ள. அதான் வில்லன். சும்மா பிடிச்சு இழுத்தா சதையைக் கிழிச்சுக்கிட்டுதான் வரும். நான் எடுக்கிற நேரம் பார்த்து நீங்க துள்ளினாலும் அதே கதிதான். அதனாலதான் சிலை மாதிரி இருங்கன்னு கெஞ்சறேன். இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா? வேணாமா? ஊசி போடுவாங்கன்னா? ரத்தம் டெஸ்ட் பண்ணப் போன இடத்துலயே நீங்க மயங்கி விழுந்த கதையை அக்கா சொல்லியிருக்கா. சரி சரி, சிரிக்கல.

காலைல ஏரிக்குக் கிளம்பறப்ப இந்த முள்ளுல முடிச்சைப் போட்டது யாரு, நீங்களேதானா? அப்பா அவ்வளவு தூரம் கேட்டாரே, குடுங்க மாப்பிள்ளை, நான் கட்டித் தரேன்னு. நீங்க என்ன சொன்னீங்க? இருங்க, தொண்டையைச் சரி பண்ணிக்கறேன். பரவால்ல மாமா, நான் பார்த்துக்கறேன், வீடியோல பார்த்திருக்கேன்... என்ன, அப்படியே உங்க குரலா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இந்தக் குரல்ல ஒரு தடவை அக்காவுக்கு ஃபோன் பண்ணி... வேணாம், அதை இன்னொரு நாள் சொல்றேன்.

சுத்து முடிச்சுதானே போட்டீங்க? காதுக்குள்ள விட்டு, நூல் மேலயே அஞ்சாறு சுத்து, நுனியைத் திருப்பி அடியில விட்டு ஒரு இழுப்பு. நல்ல முடிச்சுதான், குறையே சொல்ல முடியாது. ஆனா அது நைலான் நரம்புக்கு. உங்க தூண்டில் கழியில இருந்தது பின்னல் நூல் மாமா. பட்டு மாதிரி வழுக்கும். சுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கி, கும்பிடு போட்டுட்டுக் கழண்டுடும். எச்சில் தொட்டு இறுக்கினீங்களா? பார்த்தீங்களா! காஞ்ச நூலைச் சர்ருனு இறுக்கினா சூடாகும், பலம் போயிடும். நம்ம தூண்டில் கடைக்கு ஒரு பேங்க் மேனேஜர் வருவார், மூக்காலயே பேசுவார். எச்சிலெல்லாம் நமக்கு ஒத்துக்காதும்மா, சானிட்டைசர் தொட்டுக்கலாமா? அப்பா முகத்தைப் பார்க்கணுமே அன்னிக்கு!

பின்னல் நூலுக்கு மடிப்பு முடிச்சுதான் சரி. நூலை ரெண்டா மடிச்சு காதுல விட்டு, தளர்வா ஒரு சாதா முடிச்சு. மிச்சம் நிக்கிற கண்ணிக்குள்ள முள்ளையே நுழைச்சு எடுத்து இறுக்கிட்டா தீர்ந்தது. எந்த மீனும் அவுக்காது.

அதைப் போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதா? ஐயோ மாமா, அதைப் போட்டிருந்தா தோள்ல ஒரு துண்டு இந்நேரம் ஏரிக்குள்ள கிடக்கும்! யோசிச்சுப் பாருங்க. கழியைப் பின்னால ஓங்கினப்பவே முள்ளு உங்க மேல மாட்டிருச்சு. அது தெரியாம அதே வேகத்துல முன்னால வீசினீங்க. நல்ல முடிச்சுன்னா விட்டிருக்குமா? நீங்க தப்பா போட்டதால நழுவுச்சு, ஈயம் மட்டும் பறந்துச்சு, நீங்க முழுசா இருக்கீங்க.

அசையாதீங்கன்னேன்ல! பஞ்சுதான் அது. மருந்து. கொஞ்சம் எரியும்.

இருங்க, உங்க ஃபோன் அடிக்குது. அக்காதான். நீங்க மூச்சு விடாதீங்க, உங்க குரல்ல நானே பேசறேன். ஹலோ, சொல்லும்மா. ஆமா, கடையிலதான். உன் தங்கச்சி முடிச்சு சொல்லிக் குடுத்துட்டிருக்கா, ரொம்பப் புத்திசாலிப் பொண்ணு. குரலா? நல்லாத்தானே இருக்கு. சரி, வந்துடறேன். வச்சுடட்டுமா... அப்பாடா. முறைக்காதீங்க. நீங்க பேசியிருந்தா அழுதிருப்பீங்க.

இப்ப எடுக்கிற வேலை. இதுக்கும் முடிச்சுதான். தடி நரம்புல கண்ணி போட்டு வளைவுல மாட்டணும். காதைத் தோலோட அழுத்தினா உள்ள அந்தப் பல்லு பிடியை விடும். அந்த நேரத்துல வெடுக்குனு ஒரே இழுப்பு. எந்த முடிச்சுங்கறதுதான் கேள்வி. சுத்து முடிச்சுன்னா வளைவை நெரிச்சு முள்ளைக் கோணலாக்கிடும். மடிப்பு முடிச்சுக்கு முள்ளை நுழைச்சு எடுக்கணும், முனைதான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டிருக்கே. அதனால இறுகாத கண்ணி. இரைக்குப் பதிலா கட்டற பொம்மை மீன் தண்ணிக்குள்ள தாராளமா ஆடணும்னு அதுக்குப் போடுவோம். எவ்வளவு இழுத்தாலும் கண்ணி சின்னதாகாது.

இதுக்கு முன்னால எடுத்திருக்கேனாவா? நல்லா கேட்டீங்க போங்க! இதே ஸ்டூல்ல உக்காந்து எத்தனை பேர் முள்ளு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க தெரியுமா? இந்தாத்தண்டி மீசை வச்ச லாரி டிரைவர் ஒருத்தர். முள்ளைத் தொடவே இல்ல, அதுக்குள்ள யம்மாடியோவ்னு ஒரு சத்தம்! அப்பாவா? சரக்கு எடுக்கப் போயிருக்கார், சாயங்காலம் ஆயிடும். அவருக்காகக் காத்திருந்தா வீங்கிடும் மாமா.

கண்ணி மாட்டியாச்சு. இது என் கட்டைவிரல், பயப்படாதீங்க. அழுத்தறேன். இறுக்கிப் பிடிக்காதீங்க, தோளைத் தளர விடுங்க. இன்னும். உங்க அம்மா வீட்டுல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க? சொல்ல வேணாம், நானே கேட்டிருக்கேன். டேய் குண்டு, குளிச்சியா இல்லையாடா, துண்டு இங்கயே கிடக்கு—

வந்துருச்சு.

மாமா. மாமா, வந்துருச்சு, கண்ணைத் திறங்க. எங்க போச்சுன்னு... அதோ, அலமாரி ஓரத்துல கிடக்கு பாருங்க, முழுசா. கிழியலை. நல்லா பார்த்துட்டேன், கிழியவே இல்ல. லேசாத்தான் ரத்தம். கீழ பார்க்காதீங்க! இந்தப் பஞ்சை நீங்களே அழுத்திப் பிடிச்சுக்கோங்க. எப்படியும் ஒரு ஊசி போட்டாகணும், அந்தப் பஞ்சாயத்தை அக்கா பார்த்துப்பா.

கைராசியா, எனக்கா? அட நீங்க வேற. எடுக்கிறதெல்லாம் அப்பாதான். நான் அந்தக் கதவோரமா நின்னு பார்ப்பேன். அதுவும் இழுக்கிற நேரத்துல கண்ணை மூடிக்குவேன். நானா செஞ்சது ஒரே ஒரு தடவை, சோபா மெத்தையில. அது கிழிஞ்சிடுச்சு.

அந்தத் தண்ணியை இப்படிக் குடுங்க மாமா. உங்களுக்கு இல்ல, எனக்கு. டம்ளரையும் நீங்களே பிடிச்சுக்கோங்க.