பின் சீட்டு யாருக்கு

"ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆங், நான்தான். கடையிலதான் நிக்கிறேன்... ஆமா, ஆமா, நேத்து வந்த அதே கடைதான், வேற எங்க போவேன்? தாடிக்காரர் ரெண்டு படகையும் காத்தடிச்சுத் தரையில போட்டு வெச்சிருக்கார். ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. நடுவுல நான் திருதிருன்னு முழிச்சிட்டு நிக்கிறேன்... சிரிங்க, சிரிங்க. உங்களுக்கென்ன, லீவு போட்டுட்டு வீட்டுல காலை நீட்டிட்டு உக்காந்திருக்கீங்க... அதென்ன, மூச்சு இப்படி வாங்குது?... மாடி ஏறினீங்களா? ஒரு மாடிதானேங்க."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவள் குனிந்து நீளப் படகின் விளிம்பை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. காற்றை இறக்கிச் சுருட்டினால் இதுவே ஒரு தலையணை அளவுக்கு அடங்கிவிடும். அவளும் கணவரும் கலந்துகொள்ளும் பந்தயங்களில் மலை ஏறி ஓட வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும். ஆறு குறுக்கே வந்தால் முதுகுப் பையிலிருந்து இந்த பேக்ராஃப்டை எடுத்துக் காற்றடித்து இறங்கிவிட வேண்டும். இத்தனை வருஷமும் ஆளுக்கொரு படகுதான். அவர் படகு முன்னால் போகும், அவள் படகு திட்டிக்கொண்டே பின்னால் போகும். இந்த முறை அவராகவே, ரெண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரே படகு வாங்கலாம் என்று ஆரம்பித்தார். வேகமாகப் போகுமாம், சுமையும் குறையுமாம். அவள் அதை நம்பவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்துக்குப் பிறகு மனுஷனுக்கு ஒட்டி உட்கார ஆசை வந்திருக்கிறது என்று நினைத்து, வெளியே சொல்லாமல் ஒரு வாரமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நீளமானது நேராப் போகுமாம். குட்டை சட்டுன்னு திரும்புமாம், கனமும் குறைச்சல்... ஆமா... ஆமா, தெரியும், நீங்க நேத்தே நீளம்தான்னு முடிவு பண்ணிட்டீங்க. அதுக்காக நான் கேக்கக் கூடாதா?... இருங்க, அவர் ஏதோ சொல்றார். சொல்லுங்கண்ணா... ம்... ம்... சரி, கேக்கறேன். என்னங்க, உங்க வெயிட் என்ன?... வெயிட்டுங்க, உடம்பு எடை. ரெண்டு பேரோட எடையும் தெரிஞ்சாத்தான் எது நமக்குச் சரிப்படும்னு சொல்ல முடியுமாம். என்னுது அறுபத்தொண்ணு, சொல்லிட்டேன். இந்தக் கடையில உண்மையான எடையைச் சொன்ன ஒரே பொம்பளை நானாத்தான் இருப்பேன்... உங்களுது?... அதான் உத்தேசமா... எழுபத்தாறா? சரி. எழுபத்தாறாம்ண்ணா."

தாடிக்காரர் தலையாட்டவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் படகைப் பார்த்தார். பிறகு தன் செல்போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"என்னண்ணா?... எந்த போட்டோ?... ஓ, நேத்து எடுத்ததா... இருங்கங்க, லைன்லயே இருங்க."

கடைக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. வாங்க வருகிறவர்களை அதில் இறக்கிவிட்டு, படகு தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று பக்கவாட்டில் படம் எடுப்பது அவர் வழக்கம். முதல் படத்தில் முன்னால் அவள், பின்னால் கணவர், அவருக்கும் பின்னால் அவர் வீட்டிலிருந்தே அடைத்துக் கட்டிக் கொண்டுவந்த பெரிய பை. படகு மேஜை மாதிரி சமமாக நின்றது. இரண்டாவது படத்தில் அந்தப் பை படகின் மூக்கில் இருந்தது. பந்தயத்தில் பை அங்கேதான் இருக்கும் என்று தாடிக்காரர் மாற்றிக் கட்டியிருந்தார். மூக்கு தண்ணீருக்குள் முங்கியிருந்தது. பின்பக்கம் வாத்தின் வால் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. முன் சீட்டில் அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. போட்டோ பாக்கறேன்... ஆமா, பையை மாத்திக் கட்டினப்ப எடுத்தது... நீங்க அவர் மேல அப்படி எரிஞ்சு விழுந்தீங்களே, எதுக்கு?... படகு சரியில்லையா? சரி. படகு சரியில்லை... இல்லைங்க, ஒரு நிமிஷம். கனமானவங்க பின்னாடி உக்காரணும், அப்பத்தான் படகு நேரா நிக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்... ம். பை என்ன, பதினஞ்சு கிலோ இருக்குமா?... அப்ப அறுபத்தொண்ணும் பதினஞ்சும் எழுபத்தாறு. நீங்களும் எழுபத்தாறு. மூக்கு கொஞ்சம் தாழலாம், ஒத்துக்கறேன். இப்படியா முங்கும்? பின்னாடி ஆளே இல்லாத மாதிரி இருக்குங்க."

மறுமுனையில் என்ன வந்ததோ, அவள் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. தாடிக்காரர் செல்போனை வாங்கிக்கொண்டு, படகுக்குக் காற்றடிக்கிற துணிப் பைகள் தொங்குகிற மூலைக்குப் போய் அவற்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"கோவப்படாதீங்க. கோவப்பட்டா நான் பயந்துடுவேன்னு இன்னுமா நினைக்கிறீங்க?... எடை மெஷின்ல ஏறுங்க... இப்பத்தான், இப்பவே. பாத்ரூம் வாசல்ல இருக்கில்ல... இல்லையா? போன மாசம் நான் ஏறினேனே... எடுத்து வெச்சுட்டீங்களா? எதுக்கு?... எங்க?... கட்டிலுக்கு அடியிலயா? ஒளிச்சு வெச்சீங்களா?... போய் எடுங்க. நான் இருக்கேன்... இருக்கேன், மெதுவா குனிங்க."

காத்திருந்த நேரத்தில் அவளுக்கு எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்தது. வெயில் நாளில் பனியன் மேல் பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை. குளிருகிறது என்றபோது அவள் போய் இன்னொரு போர்வை வாங்கி வந்தாள். நீ சாப்பிடு, நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று நகர்த்தி வைத்த தட்டுகள். மூக்குக் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்களுக்கு எதிரே உட்கார்ந்து, இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்பது அவள் வேலை.

"எடுத்துட்டீங்களா?... செருப்பைக் கழட்டுங்க... சட்டையையும்... ஏறிட்டீங்களா? படிங்க... சத்தமா... என்னங்க?... மறுபடி சொல்லுங்க."

அவள் அந்த எண்ணைத் தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அம்பத்திநாலு."

பையை அவர் ஏன் தன் பின்னால் கட்டிக்கொண்டார் என்பது இப்போது விளங்கியது. பக்கத்தில் நாற்காலி எதுவும் இல்லாததால், தரையில் கிடந்த குட்டைப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது பின் சீட்டு என்று தெரிந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?... யாரோட போனீங்க?... தனியாவா?... அன்னிக்கா? சைக்கிளுக்கு டயர் மாத்தணும்னு போனீங்களே, அன்னிக்கா?... டயர் புதுசா இருந்ததே... மாத்திட்டு அப்பறமா ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? அடப்பாவி மனுஷா... பொய்யைக் கூட இவ்வளவு சுத்தமா... ம். ம்... கட்டியா. வயித்துலயா... ம்... ஆபரேஷனுக்கு எப்ப வரச் சொன்னாங்க?... பந்தயத்துக்கு அப்பறம்னு டாக்டர் சொன்னாரா, நீங்க சொன்னீங்களா?... எனக்குப் பதில் சொல்லுங்க. யார் தள்ளி வெச்சது?"

மூலையில் காற்றுப் பை மடிக்கும் சத்தம் நின்றது.

"கத்தலை. நான் கத்தலை... கடைசியா ஒரு தடவையா? யார் கேட்டா உங்களைக் கடைசியா ஒரு தடவை? நான் கேட்டேனா?... இப்பப் புரியுது எனக்கு. எல்லாம் புரியுது. தனிப் படகுல போனா உங்களால கரை சேர முடியாது. அதான் ஒரே படகு. நானும் லூசு மாதிரி, என்னமோ ஆசையா கேக்கறீங்கன்னு... இருங்க, நான் முடிச்சுக்கறேன். பின் சீட்டு ஏன்னும் புரியுது. முன்னாடி உக்காந்திருக்கறவளுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது. நேத்து நீங்க துடுப்பு போடவே இல்லை, இல்ல?... தண்ணியைத் தொட்டுத் தொட்டு எடுத்தீங்களா, சத்தத்துக்கு?... என் தோள்பட்டை ரெண்டும் கழண்டு விழுந்துது. பிராக்டீஸ் விட்டுப் போச்சுன்னு நினைச்சேன். ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததே நீங்கதானேங்க. எப்படிங்க? எப்படி மனசு வந்துது உங்களுக்கு, தெரிஞ்சுக்கிட்டே உக்காந்து ஒத்தடம் கொடுக்க?"

வாசலில் யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாடிக்காரர் போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"பேரை வாபஸ் வாங்கறேன்... வாங்கத்தான் போறேன். கத்துங்க, கத்தத் தெம்பு இருந்தா கத்துங்க... சரி... சரி, சொல்லுங்க, கேக்கறேன்... ஆபரேஷன் பண்ணினாலும்?... ம்... பொழைக்கறதுக்கு எவ்வளவுன்னு சொன்னாங்க?... பத்துல மூணா?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். முன் சீட்டு காலியாக, எட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது.

"அப்ப மூணு இருக்கில்ல? ஏழைப் பாத்துட்டு நீங்க ஆத்துல இறங்கப் போனீங்க, அப்படித்தானே? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம? நான் மூணைப் பாத்திருப்பேன். ஒண்ணுன்னாலும் ஒண்ணைப் பாத்திருப்பேன்... தெரியும், வலி உங்களுக்குத்தான். வயிறு உங்களுதுதான். ஆனா ஏறினது ஒரே படகுலங்க. நீங்களேதான் அதைக் கேட்டீங்க... பொண்ணுகிட்ட இப்பச் சொல்ல வேணாம், சரி. பரீட்சை முடியட்டும். ஆனா நாளைக்கு இல்லை, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம். முன்ன கொடுத்த தேதியைத் திருப்பிக் கொடுங்கன்னு கேக்கப் போறோம். காலில விழணும்னா நான் விழறேன், உங்களுக்குத்தான் குனிய முடியாதே... வரலையா? நீங்க வரலைன்னா நான் இந்தப் படகை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஆமா, படகுலதான் உக்காந்திருக்கேன். கடை நடுவுல, தரையில. பின் சீட்டுல."

நீண்ட நேரம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ம் என்றாள்.

"படகா? வாங்கத்தான் போறேன். குட்டைதான். இனி தூக்கப் போறது நான், எனக்குக் கனம் குறைச்சலாத்தான் வேணும்... பந்தயத்துக்கு இல்லை. ஆபரேஷனுக்கு அப்பறம், எப்ப முடியுதோ அப்ப, ஏதாவது அசையாத தண்ணியில... பின்னாடி நான். முன்னாடி நீங்க. துடுப்பு கிடையாது உங்களுக்கு, சும்மா உக்காந்து வந்தாப் போதும்... ஏன், அதுக்கென்ன?... என்ன சொன்னீங்க?"

அவள் போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாத்துட்டு வரணுமா?"

அவள் கையை நீட்டி முன் சீட்டைத் தொட்டாள்.

"நேத்து பூராவும் பாத்துட்டே வந்தீங்களா?... என் முதுகுல என்னங்க இருக்கு, வேர்வைதானே... ம்... ம்... இத்தனை வருஷம் நீங்கதானே முன்னாடி போனீங்க. நான்தான் உங்க முதுகைப் பாத்துட்டு வந்தேன். ஒரு தடவையாவது திரும்பிப் பாத்திருக்கலாமில்ல... சரி, விடுங்க. அழாதீங்க. இல்ல, அழுங்க. அழுதுட்டுச் சட்டையைப் போடுங்க... வருவீங்கல்ல?... வாயால சொல்லுங்க... ம். சரி."

விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

"வண்டி சாவி என்கிட்டதான் இருக்கு. கிளம்பிட்டேன். ஸ்கேன் எடுத்ததெல்லாம் எங்க ஒளிச்சிருக்கீங்களோ, அதையும் எடுத்து வெச்சுக்குங்க... அந்தப் பெரிய பையைத் தொடாதீங்க, அது கிடக்கட்டும். செருப்பைப் போட்டுட்டு வாசல்ல நில்லுங்க... இல்ல, நிக்க வேணாம். படியில உக்காந்திருங்க. வெச்சுடறேன்."