விவரம் இருந்தால் எழுதவும்

"பதில் தெரியுமா, தெரியாதா? அதையாவது சொல்லு" என்று ஐவி டீச்சர் ஒருநாள் என்னைக் கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும். எழுந்து நின்று டீச்சரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமா பெண் நீரஜா எழுந்து எனக்காகப் பதில் சொன்னாள். தப்பான பதில். டீச்சர் சிரித்துவிட்டு, "பரவாயில்ல, நீயாவது வாயைத் திறந்தியே" என்று அவளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் என் படிப்பு நின்றது. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் அபிராமபுரத்தில் பத்ரிநாராயணன் மாமா வீட்டில்தான் இருந்தோம். மாமா வக்கீல். அம்மா அங்கே சமையலைப் பார்த்துக்கொண்டாள். "கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறது. அதுக்கு எதுக்கு பீஸ்? சுலோச்சனா அதுபாட்டுக்கு ஆத்துல இருக்கட்டும்" என்று மாமா தன்மையாகத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நீரஜா பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் இருந்த காலேஜில் சேர்ந்தாள். காலையில் கேட்டைத் திறந்து காரை வெளியே விடுவதும், சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டதும் மறுபடி திறப்பதும் என் வேலை. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அவள் காலேஜ் போனதே அந்தக் காரால்தான். யுத்தம் முடிந்து பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்ததும் மாமா காரை ஷெட்டிலிருந்து இறக்கினார். திருவல்லிக்கேணி மெஹபூப் அலி பாய் பழையபடி ஓட்ட வந்தார். ஜெயலக்ஷ்மி மாமி அப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்:

"பாய் கொண்டு விட்டு, பாயே அழைச்சுண்டு வரதா இருந்தா காலேஜ். பஸ்ஸு, டிராம், வேற எவனோ டிரைவர்னு ஆரம்பிச்சேள்னா, மறுநாளே நான் ஜாதகத்தைக் கையில எடுத்துடுவேன்."

நீரஜா சாயங்காலம் வந்ததும் நேராகச் சமையலறைக்குத்தான் வருவாள். அன்றைக்கு நடந்ததையெல்லாம் எனக்குச் சொல்லுவாள். நான் படித்துக்கொள்ளட்டும் என்று போன வருஷத்துப் புத்தகங்களையும் கொடுத்தாள். எல்லாவற்றையும் படித்தேன். அவள் அடிக்கோடு போட்டிருந்த இடமெல்லாம் முக்கியமில்லாத இடம். "உனக்கு இது புரியறதா சுலோ?" என்று ஆசையாகக் கேட்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவள் பேசும்போது அவள் பற்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அழகான பற்கள்.

அந்த வருஷம், அதாவது நாற்பத்தாறில், இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரை ரோட்டில் எடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. சாந்தோமிலிருந்து ராஜநாயகம் என்ற ஏஜெண்டு சைக்கிளில் வந்தார். அவர் நீட்டிய பாரத்தைப் பார்த்ததும் மாமா, "என்னய்யா இது, பொண் பார்க்க வந்தவன்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டான்" என்றார்.

"பொண்ணு விஷயத்துல மறைச்சா கல்யாணத்தன்னிக்கே தெரிஞ்சுடும் சார். இதுல மறைச்சா மோதினப்புறம்தான் தெரியும். அப்போ கம்பெனி கையை விரிச்சுடும்" என்றார் ராஜநாயகம்.

ஒவ்வொரு கேள்வியையும் அவர் பொறுமையாக விளக்கினார். ராத்திரி கார் ஷெட்டில் நிற்கிறதா, தெருவில் நிற்கிறதா? தெரு என்றால் பிரீமியம் கொஞ்சம் ஏறும். சொந்த உபயோகமா, வாடகைக்கும் விடுவதுண்டா? வாடகை என்றால் நன்றாகவே ஏறும். முன்பு விபத்து உண்டா? மாமா தொண்டையைக் கனைத்தார். லஸ்ஸில் ஒரு தடவை அவரே ஓட்டிப் பார்க்கிறேன் என்று பின்னால் எடுத்து ஒரு ஜட்காவை இடித்திருந்தார்.

"அதெல்லாம் ஒரு விபத்தா? குதிரை திரும்பிக்கூடப் பார்க்கலை."

"கோர்ட்ல மத்தவாளைச் சத்தியம் பண்ணச் சொல்றேள்" என்று உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

ராஜநாயகம் சிரித்தார். "தாராளமா 'உண்டு'ன்னு எழுதுங்க சார். ஆனா 'உண்டு'ன்னு மொட்டையா விட்டுடாதீங்க. கீழே 'விவரம் இருந்தால் எழுதவும்'னு இடம் விட்டிருக்கான் பாருங்க. மொட்டையா விட்டா கம்பெனிக்காரன் பூதம்னு பயந்துடுவான். விவரம் எழுதினா சின்ன விஷயம்னு புரிஞ்சுக்கிட்டு, கொஞ்சம் கூடப் போட்டு ஒத்துப்பான்."

கடைசிக் கேள்வி காரை ஓட்டுகிறவரைப் பற்றியது. பார்வையிலோ காதிலோ கையிலோ காலிலோ குறை உண்டா? அதை ராஜநாயகம் படித்தபோது வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்த மெஹபூப் அலி பாயின் கை நின்றதை நான் பார்த்தேன்.

இங்கிலீஷ் கையெழுத்து எனக்கு நன்றாக இருக்கும் என்று மாமா பாரத்தை என்னிடம் கொடுத்தார். கேட்கிறவர் முகம் எதிரில் இல்லாமல், என் முகத்தையும் யாரும் பார்க்காமல், கேள்விகளை மட்டும் கொடுத்துப் பதில் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் பாய் கேட்டுப் பக்கம் வந்து, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

"கண்ணாஸ்பத்திரி சீட்டு பாப்பா. இதுல இன்னா எழுதிக்கீது, கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

படித்துச் சொன்னேன். இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. வலது கண் முழுப் பார்வை. பகல் வேளையில் கார் ஓட்டத் தடையில்லை.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "அத்த ஐயாகிட்ட சொல்லணும், சொல்லணும்னு தள்ளிக்கினே போய்ட்டேன். இனிமே மறைக்க வேணாம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஐயா தலையிலதான் வுழும். நீ உள்ளத எழுதிடு பாப்பா. இந்தச் சீட்டையும் சேர்த்து அனுப்பிடு."

உள்ளதை எழுதினேன். கார் ஷெட்டில் நிற்கிறது என்று எழுதினேன். மாமாவின் சிநேகிதர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கார் போவதையும், அதற்குக் கூலி வாங்குவதில்லை என்பதையும் எழுதினேன். ஜட்கா விஷயத்தை விவரமாக எழுதினேன்; குதிரைக்குக் காயமில்லை என்பது உள்பட. பார்வைக் குறை உண்டா என்ற இடத்தில் 'உண்டு' என்று எழுதினேன். அந்தப் பாரத்தில் ஒரு பொய் கிடையாது. மாமா படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கட்சிக்காரர்களிடம், அப்படி மட்டும் செய்யாதேயுங்கள் என்று தினமும் சொல்கிறவர்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பார்வைக் குறை உள்ளவர் ஓட்டும் காரை ஏற்பதற்கில்லை, டிரைவரை மாற்றினால் பரிசீலிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கண்ணு தெரியாதவன்கிட்டேயா இத்தனை நாள் என் பொண்ணை ஒப்படைச்சிருந்தேன்?" என்றார். பாயை நேரில் பார்க்கவும் பிடிக்காமல், சம்பளத்தை என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

பாய் அதை வாங்கிக்கொண்டு, "சீட்டப் பாத்துமா வேணான்னுட்டாங்க பாப்பா?" என்று கேட்டார்.

நான் பேச மாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்ததுதானே. சாவியை என் கையில் வைத்துவிட்டுத் தெரு முனை வரைக்கும் மெதுவாக நடந்து போனார்.

புது டிரைவர் சின்னப் பையன், தலையில் எண்ணெய் வழிய வாரியிருந்தான். மாமி அவனை ஒரு தடவைதான் பார்த்தாள். நீரஜா அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள், டிராமில் போகிறேன், சுலோவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். மாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். தியாகராய நகரில் ஒரு என்ஜினீயர் வரன் அமைந்தது.

அதன் பிறகு நீரஜா பகலெல்லாம் வீட்டில் இருந்தாள். நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினோம். சாயங்காலம் அவள் சொல்வதற்கு எதுவும் இருக்காது. ஹாரன் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்ப்போம். மாமாதான் கோர்ட்டிலிருந்து வந்திருப்பார். அவள் அழும்போது நான் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி விடுவேன். "உன்னைத் தவிர எனக்கு யாருடி இருக்கா?" என்பாள். அந்த மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன.

ஒருநாள் பாலிசியைக் கொடுக்க ராஜநாயகம் வந்தார். மாமா வீட்டில் இல்லை. வாசலில் நானும் நீரஜாவும் இருந்தோம்.

"குதிரைக்கு அவ்வளவு அழகா விவரம் எழுதின பாப்பா, அந்த டிரைவர் கண்ணுக்கு ஒரு வரி எழுதலையேம்மா" என்றார். "ஒரு டாக்டர் சீட்டு இருந்திருந்தா பத்தோ பதினஞ்சோ கூடப் போட்டுட்டு அந்த பாயையே வெச்சுக்கச் சொல்லியிருப்பான்."

"பத்து ரூபாயா?" என்று கேட்டாள் நீரஜா. "பாவம் பாய். சீட்டுன்னு ஒண்ணு வேணும்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

ராஜநாயகம் சைக்கிளில் ஏறிப் போனார். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன்.

அடுத்த வாரம் மெஹபூப் அலி பாய் வந்தார். வெயிலில் நடந்தே வந்திருந்தார். கேட்டைத் திறந்தது நீரஜா.

"நல்லாக்கீறியா சின்னம்மா? கல்யாணமாமே, ரொம்ப சந்தோசம்" என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்து, "நம்ம தெருவுல டாக்ஸி வெச்சிக்கீறவரு ஒர்த்தரு, டாக்டரு சீட்டக் காட்டினா வண்டி தர்றேன்றாரு. அன்னிக்கு உங்கையில குடுத்தேனே, அது கம்பெனியிலேர்ந்து திரும்பி வந்துச்சா பாப்பா?" என்றார்.

சீட்டு எங்கும் போகவில்லை. என் டிரங்குப் பெட்டியில், நீரஜா கொடுத்த புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. கிழித்துப் போட்டிருக்கலாம், பிறர் பொருளை அழிப்பது தவறு. உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தச் சீட்டைச் சேர்த்து ஒரு வரி எழுதினால் பாய் இருப்பார், பாய் இருந்தால் நீரஜா காலேஜுக்குப் போவாள் என்று தெரிந்துதான் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். பாய்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்தான் காரை ஓட்டினார், அவ்வளவுதான்.

உள்ளே போய்ச் சீட்டை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"பத்திரமா வெச்சிருந்தியே பாப்பா. மவராசியா இருப்பே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீரஜா கேட்டைப் பிடித்தபடி நின்றாள். பாய் போன திசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேட்டைச் சாத்தாமல், என்னைத் தாண்டி, படியேறி மாடிக்குப் போய்விட்டாள். கல்யாணம் நெருங்கினால் பெண்களுக்கு அப்படித்தான், பேச்சுக் குறைந்துவிடும்.