இடைவெளி நாள்

காலையில் மேஜை சுத்தமாக இருந்து, கேட்ட கோப்பும் அதன் மேல் இருந்துவிட்டால் எனக்கு அது நல்ல நாள், ஐயா. விசாரிக்க வந்த உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பதினொரு வருடம் எனக்கு அப்படியே விடிந்தது.

காரணம், எங்கள் மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் இருந்த கம்ப்யூட்டர் அக்கா. நோயாளி பெயரைச் சொன்னால் போதும், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நிஜக் கம்ப்யூட்டர் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஆனால் வேலை தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் இடைவெளி, பிறகு புது உத்தரவு. தொடர்ந்து வேலை பார்த்ததாக யாரும் நிரூபித்துவிடக் கூடாதே. கண்காணிப்பாளர் என்ற முறையில் அந்த உத்தரவுகளை நான்தான் தயாரித்தேன்.

அந்த ஒரு நாளும் அவர் வருவார். நான் வரச் சொல்வேன். கையெழுத்து மட்டும் கிடையாது.

சென்ற ஆண்டு, பத்து வருடம் தாண்டிய தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டார்கள். இடைவெளி நாட்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். நிரந்தரமானால் இடமாற்றம் வரும். தெரியாத ஊரில் போய் அவர் ஏன் அல்லாட வேண்டும்? ‘யாருமில்லை’ என்று பதில் அனுப்பினேன்.

“சார், என் பேரு போயிருக்குல்ல?”

“முதல் பேரே உங்களதுதாம்மா.”

அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

நான்கு மாதம் முன்பு ஓர் இடைவெளி நாளில் பழைய கோப்பு ஒன்று அவசரமாக வேண்டியிருந்தது. போன் செய்தேன்.

“காய்ச்சலா இருக்கு சார்.”

“உத்தரவு வர்ற நேரத்துல இப்படிச் சொன்னா எப்படிம்மா?”

வந்தார். கோப்பு மேல் தட்டில் இருந்தது. ஏணியில் ஒரு படி ஆடும் என்று எனக்குத் தெரியும். புது ஏணி கேட்டு அவர் எழுதிய மனு என் இழுப்பறையில்தான் கிடந்தது. சத்தம் கேட்டுப் போனேன். விழுந்தும் கோப்பை விடவில்லை. அதை வாங்கிக்கொண்ட பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன். அதே கட்டடத்தில் மூன்று நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

இழப்பீடு கேட்டு மகள் வந்தாள். அன்று அவர் பணியில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். வருகைப் பதிவேட்டைப் பாருங்கள், நான் எழுதியதில் பொய் இல்லை. பட்டியலில் பெயரை விட்டது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அம்மா இடத்திலேயே அந்தப் பெண்ணைச் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரி. இன்றோடு அவளுக்கு எண்பத்தொன்பது நாள்.

“நாளைக்கு எனக்கு லீவா சார்?” என்று காலையில் கேட்டாள்.

“சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா” என்றேன்.