பன்னிரண்டாவது தொட்டி

மண்தொட்டியில் வெள்ளை படிந்தால் பூஞ்சை என்று பலர் பதறுவார்கள், இன்ஸ்பெக்டரம்மா. பெரும்பாலும் அது உப்புதான். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரைமணி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

எங்கள் பால்கனியில் பன்னிரண்டு தொட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர். பதினொன்று விளிம்போரம் லேசாக நரைத்திருக்கும், என் மீசை மாதிரி. அண்ணன் நாற்காலியை ஒட்டியிருந்த ரோஜாத்தொட்டி மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்தது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுது. உப்பு அறவே கூடாது என்றார் டாக்டர். சமையல் நான்தான்; இரண்டு கிழடுகள் மட்டும் இருக்கும் வீட்டில் வேறு யார்? முப்பது வருஷமாக ஒரு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளுவார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையாடா?" விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன். நோய் வந்து உப்பு கேட்பதை நிறுத்திய பிறகு கொடுத்தேன், அவ்வளவுதான்.

சூப்பில் மிளகும் எலுமிச்சையும் தூக்கலாக இருந்தால் உப்பு சட்டென்று நாக்கில் தெரியாது. ஒரு வாரத்தில் கால் வீங்கியது. டாக்டர் அதட்டினார்: "பெரியவரே, யாருக்கும் தெரியாம சிப்ஸ் கொறிக்கிறீங்களா?"

"சத்தியமா இல்லைங்க."

நான் பாவமாகத் தலையசைத்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றுதான் அவருக்கு விளங்கியது. தம்பியைக் காட்டிக்கொடுக்க மனசில்லையோ, யார் நம்புவார்கள் என்று நினைத்தாரோ, வாய் திறக்கவில்லை.

அதன்பின் கிண்ணம் காலியாகவே திரும்பியது. ரோஜா கருகியது. நான் உள்ளே போனதும் தொட்டியில் ஊற்றுகிறார் என்று புரிந்தது.

"சூப் எப்படிண்ணே இருந்துச்சு?"

"பிரமாதம்டா. எல்லாம் கச்சிதம்."

அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அதுவும் பொய். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

மறுநாள் தொட்டியை எட்டாத மூலைக்கு நகர்த்தி, எதிரில் உட்கார்ந்து, ஸ்பூனை நானே பிடித்தேன். "போதும்டா" என்பார். "இன்னும் ரெண்டே வாய்ண்ணே" என்பேன். பதினேழு நாள். கடைசியில் கை தூக்கவும் அவருக்குத் தெம்பில்லை.

எல்லாம் முடிந்ததும் அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். சறுக்கியது அங்கேதான். பதினொன்று நரைத்துக் கிடக்க ஒன்று மட்டும் புதுமாப்பிள்ளையாக நின்றால் உங்கள் கண்ணில் படாதா? எடுத்து வந்து இந்த மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காத்திருந்தீர்கள். மூன்றாம் நாள் அது மறுபடி வெளுத்தது. மண் குடித்ததை ஒரே கழுவலில் விடாது. காயக் காய வெளியே தள்ளும். நாற்பது வருஷம் தொட்டி கழுவியவனுக்கு அது மறந்துவிட்டது.

ஆமாம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: கடைசி நாள் அண்ணன் கிண்ணத்தைத் தள்ளவே இல்லை. என் சமையல் அவருக்குப் பிடித்துப்போயிற்று.