முட்டிக்குப் பின்னால தேங்குன நீர்

இல்லம்மா, கட்டியில்ல. நீர்தான். நானும் ஸ்கேனுக்குத்தான் ஒக்காந்துருக்கேன். முட்டிக்குப் பின்னால, எலுமிச்சம்பழம் கணக்கா. கால மடக்குனா தெரியாது, நிமித்துனா பொடச்சுக்கிட்டு நிக்கும்.

முப்பத்தொரு வருசம் கொழுந்தெடுத்த காலு. மூணாறுக்குக் கீழ பள்ளிவாசல்ங்கிற ஊரு பக்கம் தேயிலை எஸ்டேட்டு. சரிவுல ஏறி எறங்கி முட்டிக்குள்ள தேஞ்சுபோச்சாம். தேஞ்ச முட்டியில நீர் சுரந்து, பின்னால போயி பை மாதிரி தேங்குதாம். ஊசி வச்சு உறிஞ்சுனாங்க, ரெண்டே மாசத்துல திரும்ப நெறஞ்சுருச்சு. மொதல்ல முட்டியப் பாக்கணும், மேடு ஏறாதீங்கங்கிறாரு டாக்டரு. மேடு ஏறாமப் பறிக்க தேயிலை எங்க வீட்டு வாசல்லயா மொளைக்குது? சூப்பர்வைசர் சூசையப்பன்கிட்ட சொன்னேன். ஒக்காந்து பாக்குற வேலை இருந்தா எனக்கும் சொல்லுன்னு சிரிக்கிறான்.

ஒருநா எறக்கத்துல அந்தப் பை பட்டுன்னு உள்ளயே ஒடஞ்சுருச்சு. நீரெல்லாம் கெண்டைக்கால்ல எறங்கி ஒரே வீக்கம். மூணு வாரம் கால ஒசத்தி வச்சுக் கெடந்தேன், தானா வத்திருச்சு.

எங்கம்மா எந்திரிக்கிறீங்க? வீட்டுக்கா? எண்ணெ போட்டு நீவுனா சரியாயிரும்னு யாரு சொன்னா? ஒக்காருங்க. ஸ்கேன் எடுக்காமப் போகாதீங்க.

எம் மருமக மோனிஷாவுக்கும் இப்படித்தான், ஒங்கள மாதிரியே ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குச்சு. பிள்ளை பெத்துப் பதினெட்டு நாளு. மகன் மணிகண்டன் டூரிஸ்டு ஜீப்பு ஓட்டுறான். ஆஸ்பத்திரிக்குப் போவம்னு வண்டிய வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டான். பச்ச ஒடம்புக்காரி, வெளிய பனி, கெட்ட நீர்தான் எறங்கிருக்குன்னு வீட்டுல தடுத்துட்டாங்க. ஒத்தடம் குடுத்து, எண்ணெ போட்டு அழுத்தி நீவியாச்சு. மறுநா காலையில பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தவ, மூச்சு முட்டுதுன்னா. ஜீப்பு மூணாறு போய்ச் சேரல, வழியிலயே போயிட்டா.

அது நீர் இல்லையாம். நரம்புக்குள்ள ரத்தம் ஒறஞ்சு நின்னுருக்கு. அதுதான் கெளம்பி நெஞ்சுக்குப் போயிருச்சாம். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்குமாம், ஸ்கேன்லதான் தெரியுமாம். எல்லாம் முடிஞ்சப்பொறம் சொல்றாங்க.

மகனா? இருக்கான். எஸ்டேட்டு லயத்துல ஒரே வீட்டுலதான் இருக்கோம். ஏழு மாசமாப் பேச்சில்ல. பிள்ளையையும் அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டான். அவனச் சொல்லிக் குத்தமில்லம்மா. தடுத்தது நான்தான. எனக்கு வந்து வத்துன அதே நீர்தான்னு நெனச்சேன். மெதுவா அத்த, வலிக்குதுன்னா. வலிச்சாத்தான் எறங்கும்னு சொல்லிச் சொல்லி நீவுனேன்.