தரையிறங்காத விமானம்

"மாமு, உன் பிளேனு இன்னும் தரையெறங்கல."

ராயபுரம் போகும் பஸ்ஸில், முன் இருக்கைக்காரர் இதைச் சொன்னார். விமானப்படையில் சக்கரங்களைப் பராமரித்தவராம். அவர் பக்கத்தில் இருந்த நண்பர் மடியில், மாடல் போட்டிக்குப் போகும் பிளாஸ்டிக் போர் விமானம்.

"இன்னாபா, சக்கரம் கீதே?"

"நிக்கிற பிளேனுக்கு வெயிட்ல சக்கரத்து காலு அமுங்கும். நீ முழுசா நீட்டி வெச்சிக்கிற. பறக்கும்போதுதான் அப்டி தொங்கும்."

"போட்டோ பாத்துதான் செஞ்சேன்."

"எறங்கும்போது எடுத்த போட்டோ அது."

"இப்ப பிச்சா காலே ஒடஞ்சிடும்."

தண்டையார்பேட்டை வந்தது. நண்பர் விமானத்தை மெல்ல உயர்த்திப் பார்த்தார்.

"கீழ ஒரு கம்பி குடுத்து தூக்கிடறேன். எறங்கினு கீதுன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லலாம். ஆனா உள்ள பைலட்டு இல்லியே, நைனா."