பதிலுக்கு இடமில்லாத பாடம்

குறைந்த செலவில் வீட்டிலிருந்தே ஸ்பானிஷ் படிக்க ஒலிப்பாடம் தேடுகிறவர்கள் என்னைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. இந்த ஆரணியில் அந்த வேலையை என்னைவிடப் பொறுமையாகச் செய்தவர் இருக்க மாட்டார்.

படிக்க விரும்பியது நானல்ல, என் மனைவி பானுப்ரியா. பி.காம். முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பட்டுத்தறியில் உட்கார்ந்தாள். நூல் வாங்குவதும் சேலை விற்பதும் என் பாடு, நெய்வது அவள் பாடு. அவளோடு படித்த லாவண்யா செய்யாறில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இருக்கிறாள். ஸ்பெயினிலிருந்து ஆட்கள் வந்துபோகிற கம்பெனி அது. ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவருக்கு அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று லாவண்யா சொல்லப்போக, இவளுக்கு அந்த நாற்காலியின் மேல் ஆசை வந்துவிட்டது.

"கண்ணு, கையி, காலு எல்லாம் தறியில மாட்டிகினு கீது. காது மட்டும்தான் சும்மா கீது. காதால படிக்கிற மாதிரி எதுனா பாத்து வாங்கிக் குடுங்க," என்றாள்.

நான் மறுக்கவில்லை. மறுக்கிற ஆள் நானில்லை.

ஒரு பாடத்துக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொன்னார்கள். இன்னொன்றில் பேச்சைவிட வாத்தியம் அதிகம். மூன்றாவதை ஒருமுறை வாங்கினால் போதும். அதில் ஒரு பெண் நிதானமாக வாக்கியம் சொல்வாள், கேள்வி கேட்பாள், நாம் பதில் சொல்வதற்காகச் சற்று நேரம் சும்மா இருப்பாள். எல்லாவற்றையும் நானே தறியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, மிதித்துப் பார்த்தேன். மற்றவர்கள் இலக்கணம் பார்த்து வாங்குவார்கள். தறிக்காரன் எதையும் காலால்தான் கேட்பான். அந்தப் பெண்ணின் பேச்சு என் காலுக்கு ஒத்துவந்தது, வாங்கிவிட்டேன். அவள் சும்மா இருக்கிற நேரத்தை மட்டும் நான் கணக்கில் வைக்கவில்லை.

பானு ஒழுங்கான மாணவி. கேள்வி வந்ததும் தறியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வாள். நின்ற தறி மறுபடி கிளம்பும்போது முதல் அடி சமமாக விழாது. அந்த இடத்தில் சேலையின் குறுக்கே மெல்லிய கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அவள் பேசிய ஸ்பானிஷ் முழுவதும் ஓர் அரக்குச் சேலையில் கோடுகோடாக இருந்தது. கடைக்காரர் வேணுகோபால் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா ஜெகநாதா, சேல நெய்யச் சொன்னா கோடு போட்ட நோட்டு நெய்ஞ்சிகினு வந்துகீற?"

அன்று பானு கோயிலுக்குப் போயிருந்தபோது அவள் போனை எடுத்து, எல்லாப் பாடங்களிலும் அந்த மௌனங்களை வெட்டினேன். அதற்கென்றே செயலி இருக்கிறது, இலவசம். கேள்வி முடிந்ததும் அடுத்த வாக்கியம், அது முடிந்ததும் அடுத்த கேள்வி. பழைய பாடங்களை அழித்துவிட்டேன்.

"இன்னாங்க இது, நான் பதில் சொல்றதுக்குள்ள அவ பாட்டுக்குப் போய்கினே கீறா?" என்று மறுநாள் கேட்டாள்.

"மொத பாடங்க மட்டும்தான் நின்னு சொல்லிக் குடுப்பாங்க. அப்பறம் கேட்டுகினே இரு, போதும். வெல கம்மியா வாங்கினா அப்டித்தான்," என்றேன்.

நம்பினாள். என்னை நம்புகிறவள். அவளிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

அதன் பிறகு தறி நிற்கவில்லை, கோடும் விழவில்லை. முகூர்த்த மாதங்கள் நன்றாகப் போயின. கேட்டுக் கேட்டு அவளுக்கும் எல்லாம் புரிய ஆரம்பித்தது.

சேலைக்காகத்தான் வெட்டினேன் என்பதுபோல இதுவரை சொல்லிக்கொண்டு வந்தேன். தறியை நிறுத்தாமல் பதில் சொல்ல அவள் தானாகவே பழகியிருப்பாள், கெட்டிக்காரி. நேர்முகத் தேர்வு நெருங்கியபோதாவது பாடங்களை மறுபடி இறக்கி அந்த மௌனங்களைத் திருப்பித் தரலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. சரி, தோன்றியது. ஆனால் காலையில் அந்தச் செய்யாறு கம்பெனியின் பஸ் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம், அதில் அவள் ஏறிப்போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. பயமாக இருந்தது.

தேர்வுக்கு நானே பைக்கில் கூட்டிப்போனேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். ஸ்பெயின்காரர் ஏதோ கேட்டார். இவளுக்குப் புரிந்தது, அழகாகத் தலையாட்டினாள். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். இவள் அவருடைய அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். மேசைக்கு அடியில் அவள் கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, இருமிச் சமாளித்தேன்.

வெளியே வந்தவளை லாவண்யா பிடித்துக்கொண்டாள். "எல்லாம் புரியுது, வாய் ஏன்டி வரல? நீ சொன்னியேன்னு நானும் அதே பாடத்தத்தான் வாங்கிக் கேட்டுகினு கீறேன்," என்று தன் போனைப் போட்டுக் காட்டினாள்.

அந்தப் பெண் கேள்வி கேட்டாள். பிறகு மௌனம். வெகுநாள் கழித்து அந்த மௌனத்தைக் கேட்ட பானு, மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அங்கேயே திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

லாவண்யாவிடமிருந்து முழுப் பாடத்தையும் வாங்கிவந்து, ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டுப் படித்தாள். தறி நின்று நின்று ஓடியது. சேலையில் கோடு விழுந்தது. தை பிறந்ததும் மறுபடி தேர்வுக்குப் போனாள். இப்போது காலையில் அந்த பஸ்ஸில்தான் போகிறாள்.

தறியில் நான் உட்கார்கிறேன். வீட்டில் என்னோடு ஸ்பானிஷ் மட்டுமே பேசுகிறாள். சோறு போடும்போது சிரித்த முகமாக நீளமாக ஏதோ சொல்கிறாள். திட்டா கொஞ்சலா என்று தெரியாமலே சாப்பிட்டு எழுகிறேன். தமிழில் சொல்லும்படி கெஞ்சிப் பார்த்தேன். தன் பழைய போனை என் கையில் வைத்து, அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"நீங்க பாத்துப் பாத்து வாங்கின பாடம்தான? கேட்டுகினே இருங்க, போதும்."

கேட்டுக்கொண்டுதான் நெய்கிறேன். சேலையில் ஒரு கோடுகூட இல்லை. ஆனால் அந்தப் பெண் கேள்வி கேட்கிறாள், நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறாள். பதில் எனக்குத் தெரிகிறது, சொல்லத்தான் இடமில்லை. ஒரு மனிதனை இப்படிப் படுத்துவது எந்த ஊர் நியாயம்?